பத்துச் சுற்று, பத்து நிறுத்தம்

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் நீளும் என்பதால் சொல்ல வந்தவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வண்டி வந்து சேர்ந்த நிலை.
2. இரும்புச் சக்கரங்களை ஏன் மாற்ற வேண்டும்.
3. சக்கரத்தை மாற்றினால் பிரேக்கையும் ஏன் மாற்ற வேண்டும்.
4. எவற்றைத் தொடக் கூடாது.
5. நீ கணவாயில் இறங்குவதைப் பற்றி எனக்குள்ள பயம்.
6. நீ கடைசி வரியில் கேட்ட கேள்விக்குப் பதில்.

பதினான்கு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எழுதும் முதல் கடிதத்துக்கும் எண் போடுகிறானே என்று நீ சிரிப்பாய். எண் போடாமலும் எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் வீணாயிற்று.

மாப்பிள்ளையின் வண்டி செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நீ சுற்றியிருந்த பூப்போட்ட விரிப்புக்கு வெளியே ஹேண்டில்பாரின் இரண்டு வளைவுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. லாரிக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "பெரியவரே, உள்ள என்ன, ஆடா?" என்றார். சைக்கிள் என்றேன். "கொம்பு தெரியுதேன்னு கேட்டேன். வழி பூரா சத்தமே போடலையேன்னு பயந்துட்டேன்" என்றார். முன் சக்கரம் கோணலாக இருக்கிறது. சட்டம் நேராக இருக்கிறது. நூல் பிடித்து மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறையும் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது குறிப்பு உனக்கே தெரியும். இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்கும். அலுமினிய ரிம்மில் அதைவிட நன்றாகப் பிடிக்கும். எவ்வளவு நன்றாக என்று நான் அளந்ததில்லை, அதனால் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது: இப்போது கிடைக்கும் ரிம் பழையதைவிடக் குறுக்களவில் எட்டு மில்லிமீட்டர் சிறியது. ஒரு பக்கத்துக்கு என்று பார்த்தால் நான்கு மில்லிமீட்டர். பழைய பிரேக் அந்த நான்கு மில்லிமீட்டரை எட்டாது, ரிம்மை விட்டுவிட்டு டயரைக் கடிக்கும். ஆகவே கை நீண்ட பிரேக் வேண்டும்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் பழைய ஹப்புகளைத் தொட மாட்டேன். அவை சுற்றும்போது வரும் மெல்லிய சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. சீட்டும் அப்படியே இருக்கும்.

உனக்கு அறுபத்தாறு வயது. அந்த இறக்கம் பதினெட்டு கிலோமீட்டர். ஐந்தாவது குறிப்பு அவ்வளவுதான்.

ஆறாவது. 'அன்னிக்கு பிரேக் நல்லா இருந்ததா, அதை மட்டும் சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறாய். நன்றாக இருந்தது. மலையுச்சி விடுதியின் முற்றத்தில், அவர் விழுந்த அன்று காலை, முன் பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டவன் நான். சோதித்துப் பார்த்தவனும் நான்தான். இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

அண்ணன்

பிப்ரவரி 11

ஸ்கேல் அண்ணாவுக்கு,

உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, அப்புறம்தான் சிரிப்பு வந்தது. வரைபட அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் எங்கேயும் ஒரு கோடு கோணக் கூடாது உங்களுக்கு.

இங்கே வீடு முழுக்கப் பெட்டி. மார்ச் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு மகளிடம் போகிறேன். கடல் தாண்டி. அவள் தினமும் கேட்கிறாள், "அம்மா, அந்த சைக்கிள் உனக்கு எதுக்குமா இப்போ?" அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவர் இறங்கி முடிக்காத இறக்கத்தை அவர் வண்டியில் நான் இறங்கி முடிக்க வேண்டும். அதன் பிறகு வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்.

ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஆறாவது குறிப்பை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். டயரை பிரேக் கடிக்கும் என்பதற்குக்கூட அதே அளவு எழுதியிருக்கிறீர்கள்!

அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டர், நர்ஸ், துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மா, எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். "பிரேக் சரியாத்தான் இருந்தது. பத்து தடவை சுத்திப் பார்த்து நோட்ல எழுதியிருக்கேன். இவர்தான் கண்ணுமண்ணு தெரியாம வந்தார்." உள்ளே அவருக்கு முழங்காலை ஒட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள். கோபம் வந்து உங்களோடு பேச்சை விட்டேன். ஆனால் நம்பாமல் இருக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் நீங்கள் அளந்து சொன்னால் அது தப்பாக இருந்ததில்லையே.

அதனால் பன்னிரண்டு வருஷம், அவர் போகும் வரைக்கும், 'வேகமா வந்தீங்க, வேகமா வந்தீங்க' என்று அவரைத்தான் குத்திக்கொண்டே இருந்தேன். நொண்டி நொண்டி மாடிப்படி ஏறும் ஒவ்வொரு தடவையும்.

அதனால் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

இந்த முறை எண் போடவில்லை. போட்டால் அடுக்குவதற்கு ஒன்றுமில்லை, ஒரே வேலைதான் பத்து நாளாக.

முன் சக்கரம் கட்டி முடித்துவிட்டேன். முப்பத்தாறு ஸ்போக். சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க் ஒன்றை மேசையில் தலைகீழாக முடுக்கி அதில் சக்கரத்தை மாட்டிக் கோணல் எடுத்தேன். ஒவ்வொரு ஸ்போக்கையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். இறுக்கம் ஒன்றாக இருந்தால் ஒரே சுரம் வரும். முதல் நாள் முப்பத்தாறும் முப்பத்தாறு விதமாகப் பேசின. ஆறாம் நாள் மதியம் எல்லாம் ஒரே குரலுக்கு வந்தன. எனக்கே நம்பிக்கை வரவில்லை, மறுபடி முதலிலிருந்து சுண்டினேன். ஜன்னல் வெயில் சக்கரத்துக்குள் நுழைந்து எதிர்ச்சுவரில் கம்பிகளின் நிழலை மெல்லச் சுற்றவிட்டது. உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருக்கிறேன். நாம் மூவரும் ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் பனி. நீ முன்னால், அவர் நடுவில், நான் கடைசி. யாரும் மிதிக்கவில்லை, வண்டிகள் தாமாகப் போயின. விழித்தபோது சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் நான் அரை நிமிஷம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் நெடுந்தூரம் போய் வந்த களைப்பு இருந்தது.

நீ விவரம் கேட்டாய். அந்தப் பயணத்தின் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. அந்தக் காலைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: 'மாப்பிள்ளை வண்டி. முன் பிரேக், புது ரப்பர் இரண்டு. வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சோதனை. பத்துச் சுற்று, பத்து நிறுத்தம்.' கீழே கோடும் போட்டிருக்கிறேன். நான் எதிலும் உறுதியாக இருப்பவன் இல்லை என்று உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன். வாழ்க்கையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. அந்தப் பத்து நிறுத்தம் அவற்றில் ஒன்று. அதை என்னிடமிருந்து வாங்கிவிடாதே.

ஒரு சிறு விஷயம். பழைய முன் பிரேக்கைக் கழற்றினேன். ரப்பரைப் பிடித்திருக்கும் இரும்புக் கூடுகள் இரண்டும் காலியாக இருக்கின்றன. ரப்பர் இல்லை. பின் பிரேக்கில் இருக்கிறது. முன்னதை நீ கழற்றினாயா, அல்லது வேறு யாராவது?

அண்ணன்

பிப்ரவரி 27

அண்ணாவுக்கு,

யாரும் கழற்றவில்லை. அந்த வண்டியை யாரும் தொட்டதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கட்டுப் போட்ட காலோடு சுவரில் சாய்ந்துகொண்டே, அவர் அதைச் சாமான் அறையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார். விரிப்பைப் போர்த்தினார். துடைக்கப் போனால்கூட, "விடு, அது தூங்கட்டும்" என்பார். நானும் விட்டுவிட்டேன். போன மாதம் லாரியில் ஏற்றத்தான் இறக்கினேன்.

அண்ணா, உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொன்னால் உங்கள் பக்கம் பேசுவது போல இருக்குமா, அவர் பக்கமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

கட்டுப் பிரித்த வாரம். நான் அவர் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "பிடிச்சேன். பிரேக் பிடிக்கல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருங்க. அண்ணா பத்து தடவை சுத்திப் பார்த்திருக்கார். நோட்ல எழுதியே வெச்சிருக்கார்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். "அப்படியா, பத்து தடவையா" என்றார். பிறகு, "சரி, அப்ப நான்தான் வேகமா வந்திருப்பேன்" என்றார். அதோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்ததெல்லாம் நான்தான்.

காலிக் கூட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து என்னால் பெட்டி கட்ட முடியவில்லை. ஒரு புடவையை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள்தான் கெட்டிக்காரர், சொல்லுங்கள். ரப்பர் எங்கே போயிற்று?

லாரிக்காரர் ஆறாம் தேதி உங்கள் ஊர் வழியாகத் திரும்புகிறாராம். வண்டியைக் கொடுத்தனுப்புங்கள்.

தங்கச்சி

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

லாரி வந்தது. வண்டியை அனுப்பவில்லை. எல்லாம் தயாராகத்தான் இருக்கிறது. சக்கரங்கள், புது பிரேக், கம்பிகள், எல்லாம். ஆனால் அனுப்ப என்னால் முடியவில்லை. லாரிக்காரர், "ஆடு குட்டி போட்டுருச்சா பெரியவரே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழைய பிரேக்கை வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டும். முடிந்ததும் எழுதுகிறேன். ஒரு வாரம் பொறு.

அண்ணன்

மார்ச் 10

அண்ணா,

எனக்கு இருப்பதே மூன்று வாரம். அதில் ஒரு வாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சோதனை என்று சொல்லிப் பயந்து ஒளிந்துகொள்ளாதீர்கள். சின்ன வயதில் பரண் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் இங்க இல்ல" என்று குரல் கொடுப்பீர்களே, அந்தக் கதையாக இருக்கக் கூடாது.

எது உண்மையோ அதை எழுதுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம்.

தங்கச்சி

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

பரண் மேலிருந்து இறங்கிவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கோணிய பழைய முன் ரிம்மை முடிந்தவரை நிமிர்த்தி, வேறொரு ஹப்பில் கட்டி வண்டியில் மாட்டினேன். பழைய பிரேக்கை மாட்டினேன். காலிக் கூடுகளில் அதே அளவு ரப்பர் வாங்கிச் செருகினேன். அந்தக் கூடு எப்படியிருக்கும் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். சிறிய தீப்பெட்டி போல இருக்கும். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை ரப்பரை உள்ளே தள்ளுவதற்காகத் திறந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற ரிம் ரப்பரைத் தன்னோடு இழுக்கும். ஆகவே சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் நழுவி வெளியே போய்விடும். இது எனக்கு அன்றும் தெரியும். தெரிந்துதான் மாட்டினேன்.

அன்று செய்தது போலவே வண்டியைச் சீட்டின் மேலும் ஹேண்டில்பாரின் மேலும் கவிழ்த்து நிறுத்தினேன். முன்சக்கரத்துக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மேலே இருந்த டயரைக் கையால் என் பக்கம் இழுத்துச் சுற்றினேன். பிரேக் பிடித்தேன். நின்றது. பத்து முறை சுற்றினேன், பத்து முறையும் நின்றது. தங்கையே, உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'நான் சொன்னது சரி' என்று உனக்கு எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போது குளியலறையில் குழாய் சரிசெய்ய வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இதுல ரிவர்ஸ்லயா போகப் போறீங்க?"

"இல்லையே, ஏன்?"

"சக்கரம் அப்படித்தானே சுத்துது."

"நான் பத்து முறை சுற்றிப் பார்த்தேன்" என்றேன்.

"ஆமா சார், நானும் பார்த்தேன். பத்து தடவையும் பின்னாடி போனீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் குனிந்து, நான் இழுத்த டயரை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். "இப்படித்தானே ஓடும்? தலைகீழா நிக்குதுல்ல சார், மேல இருக்கறது பின்னாடி போகணும்." நான் பிரேக்கைப் பிடித்தேன். இரண்டு ரப்பர்களும் கூட்டைவிட்டுத் தெறித்தன. ஒன்று அவருடைய வாளியில் போய் விழுந்தது. சக்கரம் நிற்கவில்லை. வெறும் இரும்புக் கூடுகள் ரிம்மை உரசிக்கொண்டே இருந்தன.

"இதுக்கு உங்க குழாயே தேவலாம் சார். அது சொட்டுத்தான் போட்டுச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பின்சக்கரத்தில் இந்தத் தவறு நடக்க வழியில்லை. மிதியைக் கையால் சுற்றினால் சக்கரம் தானாகச் சரியான பக்கம் ஓடும். முன்சக்கரத்துக்கு மிதி இல்லை, என் கைதான். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், என் பக்கம் இழுத்தேன். அது எந்தப் பக்கம் சுற்றியதோ அதற்கேற்பக் கூட்டின் மூடிய முனையை வைத்தேன். யோசித்த முறையில் பிழையில்லை, சக்கரம்தான் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் வண்டியில் ரப்பரும் கூடும் ஒரே துண்டு. அதனால் அதற்கு முன்போ பின்போ இது எனக்குத் தெரியவரவில்லை.

இனி அந்த இறக்கம். விடுதியிலிருந்து கிளம்பி முதல் இரண்டு வளைவிலும் லேசான சரிவு, பிரேக்குக்கு வேலையில்லை. மூன்றாவதில், அவர் விழுந்த இடத்தில், மழை வந்தது. நான் அவருக்குப் பின்னால் வந்தேன். அவர் முழங்கைகள் இரண்டும் விறைத்திருந்தன. முழுப் பலத்தோடு பிடிக்கிறவன் கை அப்படித்தான் இருக்கும். அதை நான் பார்த்தேன். பதினான்கு வருஷமாக அதைப் பார்த்ததாக நினைத்துப் பார்க்கவே இல்லை. கறுப்பாகச் சிறியது ஒன்று என் சக்கரத்தைத் தாண்டிச் சாலையோரம் துள்ளிப் போனது போலவும் இப்போது தோன்றுகிறது. இலையோ என்று அப்போது நினைத்ததாகவும் தோன்றுகிறது. அது நினைவா, குழாய்க்காரரின் வாளியைப் பார்த்த பிறகு வந்த கனவா என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. விறைத்த முழங்கையை எடுத்துக்கொள், அது உண்மை.

அவருக்குத் தெரிந்திருக்கும். வண்டியைத் தொங்கவிடும்போது காலிக் கூடுகள் கண்முன்னால் இருந்திருக்கும். என் நோட்டை உன் வாயால் கேட்ட பிறகும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். எனக்காகவா, உனக்காகவா, அல்லது அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டதா? இதற்கு என்னால் எண் போட முடியவில்லை.

இரும்பு ரிம், மழை என்று காரணம் தேடி நானே என்னைப் பாதி விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். ஒரு பத்தி எழுதிக் கிழித்தும் போட்டேன். ஈர ரிம்மாக இருந்தாலும் ரப்பர் இருந்திருந்தால் கொஞ்சமாவது பிடித்திருக்கும். பின் பிரேக் தனியாக அந்தச் சரிவைத் தாங்காது.

மாப்பிள்ளையின் வண்டியில் இப்போது இருக்கும் புது பிரேக்கை நானும் பார்த்தேன், மூலைக்கடை சைக்கிள்காரம்மாவையும் பார்க்கச் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம். அதுவும் போதவில்லை எனக்கு. நேற்றுக் காலை தூறலில் நானே ஏறி, தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து கீழே இறங்கினேன். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு. தெரு இருபுறமும் கரைந்து ஓடியது. ஹப்பின் சத்தம் கேட்டது. ஈரச்சாலையில் சக்கரம் உருளும்போது யாரோ பக்கத்தில் மெல்லப் பேசிக்கொண்டே வருவது போல இருந்தது. அஞ்சல் பெட்டிக்கு நேரே பிடித்தேன். நின்றேன். 

வண்டி நாளை லாரியில் வரும். நீ ஏறுவதற்கு முன் உன் ஊரில் வேறொருவரையும் பார்க்கச் சொல். என்னை நம்பி ஏறாதே. நானும் வந்து உன் பின்னால் இறங்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அதை நீ கூப்பிட்டால்தான் செய்வேன். கூப்பிடாவிட்டாலும் எனக்குப் புரியும்.

முதல் கடிதத்தில் ஆறு குறிப்புகள் எழுதினேன். மற்ற ஐந்தில் திருத்த ஒன்றுமில்லை. ஆறாவது தவறு. அன்று பிரேக் நன்றாக இல்லை. அவர் வேகமாக வரவில்லை, நிறுத்த முடியாமல் வந்தார். அதை அப்படிச் செய்து கொடுத்தவன் நான்.

அண்ணன்